பாபநாசம், மாஞ்சோலை, களக்காடு: ஒரு நாளுக்கு ஒரு வாசல்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து குடும்பத்தோடு மூன்று நாள் வருகிறோம். எழுபது வயது அப்பா, அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நெல்லை மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டை எந்த மாதம் பார்க்கலாம், எங்கே தங்கலாம், மாஞ்சோலை விடுவார்களா, புலி தெரியுமா, பொதிகை ஏற முடியுமா?

உங்கள் திட்டத்தில் முதல் நாள் காலையில் பாபநாசம், மதியம் மாஞ்சோலை, சாயங்காலம் களக்காடு என்று போட்டிருக்கிறீர்கள். மேப்பில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் ஒரு வாசலில் நுழைந்து காட்டுக்குள்ளேயே போய் இன்னொரு வாசலில் வெளியே வருவதற்கு நமக்கெல்லாம் பாதை கிடையாது. இந்த மலையின் அமைப்பு அப்படி. மேற்கே ஒரே சுவராக நிற்கிறது. அதிலிருந்து ஆறுகள் தனித்தனி வழியாகக் கிழக்கே இறங்குகின்றன. தாமிரபரணி இறங்கும் இடம் பாபநாசம். மணிமுத்தாறு இறங்கும் வழியில்தான் மாஞ்சோலைக்கு ஏறும் ரோடு. பச்சையாற்றுக்குக் களக்காடு, நம்பியாற்றுக்குத் திருக்குறுங்குடி. வடக்கே கடனாநதிக்குச் சிவசைலம். ஒவ்வொரு ஆறும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு செக்போஸ்ட். ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டுமென்றால் சமவெளிக்கு இறங்கி, அம்பை என்கிற அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று சுற்றித்தான் போக வேண்டும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அதிலிருந்து தானாக அமைந்துவிடும்.

முதுமலை மாதிரி இங்கேயும் வண்டியில் ஏற்றி விலங்கு காட்டுவார்கள் என்று வருபவர்கள் உண்டு. சட்டப்படி இதுவும் முதுமலை போலப் புலிகள் காப்பகம்தான், ஆனால் அதை எதிர்பார்த்து வராதீர்கள். 1962 இல் முண்டந்துறையும் 1976 இல் களக்காடும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்து 1988 இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். மையப் பகுதியின் பரப்பு மட்டும் சுமார் 900 சதுர கிலோமீட்டர். அதில் நாம் கால் வைக்க முடிவது ஓரத்தில் சில இடங்கள்தான், அதுதான் சரியும்கூட. தாமிரபரணி கோடையிலும் வற்றாமல் நெல்லையையும் தூத்துக்குடியையும் நனைக்கிறது என்றால், மேலே அந்தச் சோலைக்காடு ஆள் நடமாட்டமில்லாமல் இரண்டு பருவ மழையையும் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான்.

எந்த மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், ஆறு தெளிந்திருக்கும், காடு இன்னும் பச்சையாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்று கணக்கு வையுங்கள். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று அணைக்கட்டுப் பக்கம் ஊரே திரண்டு நிற்கும். மார்ச் மாதம் புல் காய்ந்துவிடும். காட்டுத்தீ பயத்தில் சில பாதைகளைத் திடீரென்று மூடிவிடுவார்கள். ஆனி, ஆடியில் சாரல் நன்றாக இருக்கும், குற்றாலத்துக்கு அதுதான் சீசன். ஆனால் மேலே மலைக்குள் அந்த நேரத்தில் மூடுபனியும் அட்டையும்தான் அதிகம். அதிலும் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் சனம் வரும். சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில்தான் மேலே விடுவார்கள். திருவிழாவைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள், காடு பார்க்க அது நாளல்ல.

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். வயதானவர்களும் பிள்ளைகளும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் பெய்கிற மழை, சமவெளியில் ஒரு மாதம் முழுக்கப் பெய்தாலும் வராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் வந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பெருமழை எப்போதாவதுதான் என்றாலும், ரோட்டில் மண் சரிவதும் மரம் விழுவதும் அந்த மாதங்களில் சாதாரணம்.

வந்து சேர்வது சுலபம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் நெல்லை வந்து இறங்கினால், தென்காசி பாசஞ்சரில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டி அம்பாசமுத்திரம். பஸ்ஸென்றால் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி உண்டு, ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆறு பேர் என்பதால் நெல்லையிலோ அம்பையிலோ ஒரு வண்டி பேசிக்கொள்வது நல்லது. மலை ரோட்டில் ஓட்டிப் பழகிய உள்ளூர் டிரைவராகப் பாருங்கள். சென்னையிலிருந்து சொந்தக் காரில் வந்து, இரவெல்லாம் ஓட்டிய கையோடு மாஞ்சோலை வளைவுகளில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்குவதற்கு அம்பை அல்லது வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரம். காட்டுக்குள் வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முண்டந்துறையிலும் களக்காடு பக்கம் செங்கல்தேரியிலும் இருப்பவை அழகான இடங்கள். ஆனால் அவற்றை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். முன் அனுமதி வேண்டும், அது கையில் கிடைத்தாலும் யானை நடமாட்டம், விலங்குக் கணக்கெடுப்பு, மழை என்று ஏதாவது ஒரு காரணத்தில் கடைசி நேரத்தில் ரத்தாகலாம். மூன்று இரவும் அம்பையிலேயே ஒரே அறையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, காலையில் போய் மாலையில் திரும்புங்கள். உங்கள் அப்பாவுக்கும் அதுதான் வசதி.

முதல் நாளைப் பாபநாசத்துக்குக் கொடுங்கள். காலையில் ஆற்றில் கை கால் நனைத்து, பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்கு மேலே செக்போஸ்டில் பதிவு செய்து ஏறுங்கள். அங்கே வண்டியைச் சோதித்து பிளாஸ்டிக் பை, மது பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். சோதிப்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையை உப்பு ருசிக்காக மிளா என்கிற கடமான் தின்றுவிட்டுச் சாவது நிஜமாகவே நடப்பது. அகஸ்தியர் அருவிக்குக் கொஞ்சம் நடையும் படியும் உண்டு, கைப்பிடி இருக்கிறது. அம்மா, அப்பா மெதுவாக வந்துவிடலாம். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பிள்ளைகளிடம் பிஸ்கட் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அருவியிலிருந்து இன்னும் மேலே போனால் முண்டந்துறை, அதற்கப்புறம் காரையாறு. அங்கே சொரிமுத்து அய்யனார் கோயிலில் நின்று நிதானமாகப் பாருங்கள். அங்கே காவல் தெய்வமாக இருக்கும் பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகச் செருப்பு வைப்பார்கள். தோலில் தைத்த புதுச் செருப்புகள், ஜோடி ஜோடியாகத் தொங்கும். வைத்த செருப்பு அடுத்த வருஷம் வந்து பார்க்கும்போது தேய்ந்திருக்கும், காட்டைச் சுற்றிவரப் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். இந்தக் காட்டை இங்குள்ள சனங்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியும். பாபநாசம் அணை காரையாறில்தான் இருக்கிறது, முழு நீர்மட்டம் 143 அடி. அணையைத் தாண்டிப் படகில் பாணதீர்த்த அருவிக்குப் போன கதையை உங்கள் அப்பா சொல்லியிருக்கலாம். அந்தப் படகுச் சவாரியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அணைக்கு மேலே காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. காணி மக்களின் வீடுகள் வேடிக்கை பார்க்கும் இடமல்ல. அழைத்தவர் யாருமில்லாமல் போகக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

ஆற்றில் இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காட்டில் உயிர் போவது பெரும்பாலும் விலங்கால் அல்ல, தண்ணீரால். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். வெள்ளம் வருவதற்கு முன்னால் ஆறு கொஞ்சம் அடையாளம் காட்டும். தெளிந்த தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்துக்கு மாறும். காய்ந்த சருகும் குச்சியும் கும்பலாக மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த ஒரு பாறையின் தலை நனைந்திருக்கும். சத்தம் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு எதையும் தேடாமல் கரையேற வேண்டும். அணையிலிருந்து மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடும்போதும் மட்டம் சட்டென்று ஏறும். கம்பி போட்டுக் கட்டிய இடத்தில் மட்டும் குளியுங்கள். பாறைகளுக்கு நடுவே பச்சையாக அமைதியாகத் தெரியும் கசத்தில், அதாவது ஆழமான மடுவில், நீச்சல் தெரிந்தவனும் இறங்கக் கூடாது. பாறையின் அடியில் தண்ணீர் குடைந்திருக்கும். உள்ளே இழுத்தால் மேலே வர இடமிருக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருபவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்தத் துணி கரைவதில்லை, படித்துறைக் கல்லிலும் மர வேரிலும் சுற்றிக்கொண்டு அழுகுகிறது. அம்மா யாராவது சொன்னார்கள் என்று செய்ய நினைத்தால் தயவுசெய்து வேண்டாமென்று சொல்லுங்கள். கீழே பல ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

இரண்டாம் நாள் மாஞ்சோலை. இது அனுமதி கிடைத்தால் மட்டும். மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்டித் தனியார் வண்டி மேலே போக, அம்பையில் உள்ள வனத்துறைத் துணை இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. யூடியூபில் போன வருஷம் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை போன் செய்யுங்கள். வண்டி எண், எல்லோருடைய ஆதார் நகல் தயாராக இருக்கட்டும். அனுமதி இல்லையென்றால் மணிமுத்தாறு அணையையும் அதற்கு மேலே இருக்கும் அருவியையும் பார்த்துவிட்டு வரலாம், அருவி திறந்திருந்தால். “அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்து விடுங்க” என்று செக்போஸ்டில் கெஞ்சுவதும் ரூபாய் நீட்டுவதும் வேண்டாம். அனுமதியின்றி உள்ளே போவது 1972 ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம், மாட்டினால் விட்டவருக்கும் வேலை போகும்.

அனுமதி கிடைத்தால் அந்த ரோடு மறக்காது. செக்போஸ்டிலிருந்து இருபது கிலோமீட்டர்போலத்தான், ஆனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கீழே முள்மரமும் புதருமாக ஆரம்பிக்கும் காடு, ஏற ஏறத் தேக்கும் மருதுமாக மாறி, ஒரு வளைவுக்கு அப்புறம் சட்டென்று குளிர்ந்து இருண்டுவிடும். அங்கிருந்து பசுமைமாறாக் காடு. வண்டியை அனுமதித்த இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். கருமந்திக் குரங்கு தொண்டைக்குள்ளிருந்து ஹூம் ஹூம் என்று கூப்பிடும். தலைக்கு மேலே நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கடந்தால் அது இருவாச்சிப் பறவையின் சிறகு. கருமந்தியையும் சிங்கவால் குரங்கையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்: இரண்டும் கறுப்புதான். சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் பிடரி மயிர் இருக்கும், வால் நுனியில் குஞ்சம் இருக்கும். அது காய்த்த மரத்தில் கூட்டமாக உட்கார்ந்து, தின்றதில் பாதியைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கும். தரையில் பாதி கடித்த பழம் புதிதாகக் கிடந்தால் மேலே பாருங்கள்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் ஊர்கள் வரிசையாக இருக்கும். தேயிலைச் சரிவில் போட்டோ எடுப்பதற்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 1929 இல் ஒரு தனியார் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது, 2028 இல் அந்தக் குத்தகை முடிகிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் 2024 இல் விருப்ப ஓய்வின் பேரில் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். காடு திரும்பக் காடாவது நல்லதுதான் என்று நினைக்கிறவன் நான். அதற்காக அந்த மனிதர்களின் துயரத்தைச் சின்னதாக்க மனம் வரவில்லை. அங்கே யாராவது பேசக் கிடைத்தால் வியூ பாயிண்ட் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு நகராமல், இரண்டு நிமிஷம் நின்று பேசுங்கள்.

மேலே சாப்பாட்டுக் கடையை நம்பாதீர்கள். அம்பையில் காலையிலேயே புளிசாதமும் தயிர்சாதமும் எவர்சில்வர் டப்பாவில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் பெரிய கேனில். பெட்ரோல் அம்பையிலேயே நிரப்பிவிடுங்கள். செக்போஸ்ட் தாண்டியதும் போன் சிக்னல் போய்விடும், அதனால் எப்போது திரும்புவோம் என்று லாட்ஜில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அப்பாவின் மருந்து கைப்பையில் இருக்கட்டும். வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், காலையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். ஈரமான நாளாக இருந்தால் அட்டை ஏறும். ஒரு சின்னத் துணியில் உப்பை முடிந்து, லேசாக நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஏறிய அட்டையின் மேல் ஒற்றினால் விழுந்துவிடும். பிடித்து இழுக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது, ஆளை அசையாமல் வைத்து நேரே அம்பை அரசு மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள்.

கீழே இறங்கும் நேரம் முக்கியம். மலை மேற்கே இருப்பதால் இந்தச் சரிவில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். சமவெளியில் ஐந்து மணிக்கு நல்ல வெயில் இருக்கும்போதே வளைவுகளில் மங்கல் விழுந்துவிடும், அப்போதுதான் யானை ரோட்டுக்கு வரும். மாலை 4 மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிடுங்கள். வழியில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹார்ன் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்ட வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். அது போகும்வரை நாம் காத்திருப்பதுதான் முறை.

புலி தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது என்றே வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே காடு அடர்த்தி, இரை குறைவு, புலி கொஞ்சம். காட்டிலேயே கிடக்கும் வனத்துறை வாட்சர்கள்கூட அதிகமும் பார்ப்பது ஈர மண்ணில் கால்தடமும், மரத்தில் நகக் கீறலும்தான். மிளா, காட்டுமாடு, மலையணில், மயில் இவை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிள்ளைகளிடம் புலி காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தால் மலையணில் மரத்துக்கு மரம் தாவுவது அவர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

பொதிகைக்கும் ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அதன் உச்சியான அகத்தியர் கூடம் 1868 மீட்டர். நம் பக்கத்தில் பாபநாசத்திலிருந்து காணிக்குடி, கன்னிகட்டி, பூங்குளம் வழியாக ஏறிய பழைய பாதை இப்போது பொதுமக்களுக்கு இல்லை. திருவனந்தபுரம் பக்கம் போணக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டும். வருஷத் தொடக்கத்தில் கேரள வனத்துறை ஆன்லைனில் பதிவு திறக்கும், இடங்கள் உடனே தீர்ந்துவிடும். நடுவில் அதிருமலையில் தங்கி, கடைசியில் கயிறு பிடித்துப் பாறையேறும் நடை அது. இந்தக் குடும்பப் பயணத்தில் அதைச் சேர்க்க முடியாது. உங்களுக்கு ஆசை இருந்தால் இன்னொரு வருஷம் தனியாக வாருங்கள்.

மூன்றாம் நாளுக்கு மட்டும் விதிவிலக்காக இரண்டு வாசல், களக்காடு பக்கம் போகலாம்: தலையணையில் பச்சையாற்றுக் குளியல், அப்புறம் திருக்குறுங்குடி. குறுங்குடியை விடாதீர்கள். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பியை ஊருக்குள் சேவித்துவிட்டு, மலைமேல் நம்பி கோயிலுக்கு ஜீப்பில் போகலாம். அதுவும் வனத்துறை கேட் தாண்டித்தான், நேரக் கட்டுப்பாடு உண்டு. குலுக்கல் அதிகம், அப்பாவுக்கு முதுகுவலி இருந்தால் கீழ்க்கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூண் சிற்பங்களைப் பார்க்கவே ஒரு அரை நாள் போதாது.

அன்று மழை பிடித்துக்கொண்டாலோ, முந்தின நாள் போனில் கேட் மூடியிருப்பதாகச் சொன்னாலோ மலையோடு மல்லுக்கு நிற்காமல் திருப்புடைமருதூர் போய்விடுங்கள். அம்பையிலிருந்து பக்கம்தான். தாமிரபரணியும் கடனாநதியும் கூடும் இடம், நறும்பூநாதர் கோயில், ராஜகோபுரத்தின் உள்ளே மாடம் மாடமாக மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். மேலே ஏற்றிக் காட்டுவார்களா என்று கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். ஊர் மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டி அடைகாக்கும், ஊர்க்காரர்கள் அவற்றைத் தொந்தரவு செய்ய விடுவதில்லை. 2005 இல் அதைப் பறவைகள் காப்பிடமாகவே அறிவித்தார்கள். தை, மாசியில் வந்தால் குஞ்சுகள் கத்துகிற நேரமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் எடுத்து வாருங்கள், அன்றைக்கு அங்கேதான் அதற்கு அதிக வேலை.